கேமில் எக்ஸ்பர்ட், சர்ச் ட்ரம்ஸில் முட்டை: எங்கே தப்பு?

லயத்துப்பையன் (மூணாறு)
வெள்ளி இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு எஸ்டேட் லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடு, இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். லயம் என்பது வீட்டின் பெயரில்தான் இருக்கிறது, என் கையில் இல்லை. அதுதான் இந்த இழைக்கே காரணம்.

போன வருடம் கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது தன் பழைய எலக்ட்ரானிக் ட்ரம் கிட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். கீபோர்டு, கிதார் என்றால் இங்கே சொல்லித்தர யாராவது இருக்கிறார்கள். ட்ரம்ஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. சரி என்று கிட்டை யூ.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து, க்ளோன் ஹீரோ என்ற கேமைப் போட்டு நானே ஆரம்பித்தேன். விளையாடாதவர்களுக்காக ஒரு வரி: திரையில் ஒரு சாலை நம்மை நோக்கி வரும். சிவப்புக் கட்டி வந்தால் ஸ்நேர் (நடு ட்ரம்), மஞ்சள் ஹைஹாட் (இடது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு), நீலமும் பச்சையும் டாம் (மற்ற ட்ரம்) அல்லது சிம்பல் (உலோகத் தட்டு), குறுக்கே ஆரஞ்சுக் கோடு வந்தால் காலால் கிக் (பெரிய ட்ரம்). கோட்டைத் தொடும்போது அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு மாதம். ஈஸியில் காலும் கையும் சண்டை போட்ட காலம் போய், இப்போது எக்ஸ்பர்ட்டில் நிறையப் பாட்டுகளில் 97, 98 சதவீதம் எடுக்கிறேன்.

எங்கள் சர்ச்சில் ட்ரம்ஸ் வாசித்த அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். என்னைப் பற்றி அம்மா எங்கோ பெருமை பேசியிருக்கிறார். கொயர் அக்கா கூப்பிட்டுவிட்டார். போன சனிக்கிழமை பிராக்டிஸ். உட்கார்ந்ததும் முதல் சிக்கல், இடது காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஹைஹாட் திறந்தே கிடந்தது, அடித்த அடிக்கெல்லாம் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி சத்தம். ஸ்நேர் சத்தத்தில் பாடுகிறவர்களின் குரலே கேட்கவில்லை. வேகமான பாட்டு இரண்டை எப்படியோ ஓட்டினேன். அப்புறம் பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, மெதுவான மூன்றடித் தாளம். அதில் நான் விழுந்தது மாதிரி யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். பாஸ் கிதார் வாசிக்கும் அண்ணன் மூன்று தடவை நிறுத்தி "தம்பி, ஓடாதே" என்றார். நான் ஓடுவதே எனக்குக் கேட்கவில்லை.

எட்டு மாதமும் வீணா? கேமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டுமா?


தோர்த்துமுண்டு (கொழிஞ்சாம்பாறை)
வெள்ளி இரவு 11:15

தம்பி, நான் பதினான்கு வருடமாகக் கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா மேடைகளில் ட்ரம்ஸும் ஆக்டாபேடும் வாசிக்கிறேன். பையனோடு சேர்ந்து இந்த கேமும் ஆடியிருக்கிறேன். வீணில்லை. ஆனால் கேம் உங்களிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

நீங்கள் பேடை அடிக்கும்போது கேமில் கேட்கிற ட்ரம்ஸ் சத்தம் யாருடையது? உங்களுடையது இல்லை. பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது வாசித்தவருடையது. ட்ரம்ஸ் தனித் தடமாகப் பிரிந்திருக்கும் பாட்டில் நீங்கள் சரியாக அடித்தால் அந்தத் தடம் ஒலிக்கும், தவறவிட்டால் அடங்கும். நீங்கள் ஒரு மயிரிழை முன்னால் அடித்தாலும், பின்னால் அடித்தாலும், கேம் அனுமதிக்கிற இடைவெளிக்குள் இருந்தால் போதும், காதில் விழுவது அந்த ஸ்டுடியோக்காரரின் கச்சிதமான அடிதான். எட்டு மாதமாக நீங்கள் வாசித்ததை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சர்ச்சில்தான் முதல்முறையாகக் கேட்டீர்கள். கேட்டதும் பயந்துவிட்டீர்கள்.

நாளைக்கே ஒன்று செய்யுங்கள். கேம் செட்டிங்கில் ட்ரம்ஸ் தடத்தின் ஒலியைப் பூஜ்யமாக்குங்கள். கிட்டின் ஒலிப்பெட்டியான மாட்யூலிலிருந்து வரும் சொந்தச் சத்தத்தை ஏற்றுங்கள். மாட்யூலையும் லேப்டாப்பையும் ஒரே ஹெட்போனில் கேட்க வழி செய்யுங்கள். பெரும்பாலான மாட்யூலில் பின்பக்கம் ஆக்ஸ் இன் ஓட்டை இருக்கும், ஒரு சாதாரண ஆடியோ கேபிள் போதும். அப்படி ஒரு பாட்டு வாசித்துவிட்டு வந்து சொல்லுங்கள். மதிப்பெண் குறையாது. அழுகை வரும்.


புத்தூர்க்கட்டு (புத்தூர், ஆந்திரா)
சனி காலை 6:40

பெயரைப் பார்த்து யாரும் எலும்பு முறிவுக்கு மருந்து கேட்க வேண்டாம், அது எங்கள் ஊர் வைத்தியர்கள் வேலை. நான் மொபைல் கடை வைத்திருக்கிறேன்.

தம்பி, ப்ளூடூத் ஹெட்போனா? ஆம் என்றால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள். ப்ளூடூத்தில் சத்தம் தாமதமாக வருகிறது, பல ஹெட்போன்களில் 100 மில்லிசெகண்டுக்கும் மேல். நிமிடத்துக்கு 150 அடி வேகத்தில் ஓடும் பாட்டில் அடியை நாலாகப் பிரித்தால் ஒரு துண்டு சரியாக 100 மில்லிசெகண்ட். அதாவது உங்கள் காது ஒரு முழு எண்ணிக்கை பின்தங்கி நடக்கிறது.

இன்னொன்று. கையில் வலி இருக்கிறதா? கேமில் பழகியவர்கள் குச்சியைத் துடைப்பக்கட்டை மாதிரி இறுக்கிப் பிடிப்பார்கள். பேட் பதிவு செய்யாமல் போய்விடுமோ என்ற பயம். அப்படியே விட்டால் கடைசியில் எங்கள் ஊருக்குத்தான் கட்டுப் போட வர வேண்டும்.


லயத்துப்பையன்
சனி இரவு 8:05

ஹெட்போன் ஒயர் வைத்ததுதான். வலது மணிக்கட்டில் வலி உண்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணே?

தோர்த்து அண்ணே, செய்தேன். அழவில்லை, ஆனால் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாடகர் ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம், நான் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். திரையிலோ எல்லாம் பச்சை, தவறாமல் தொடர்ந்து அடித்த காம்போ 400 தாண்டிவிட்டது.


சித்தூர்_மேளம்
ஞாயிறு மதியம் 1:20

முழுசாகப் படித்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். கலர் கட்டி வரும்போது தட்டுவது வாத்தியம் இல்லை. அது மாங்காய் விழும்போது பிடிக்கிற விளையாட்டு.

நான் கேரளத்துச் செண்டை மேளம் படிக்கிறேன், ஆறாவது வருடம். முதல் ஒன்றரை வருடம் ஆசான் எனக்குச் செண்டையையே தொடக் கொடுக்கவில்லை. கருங்கல், புளியமரக் கோல், கணபதிக்கை என்ற முதல் பாடம். காலை நாலரை மணிக்குக் கல்லின் முன்னால் உட்கார்ந்து சாதகம். கல் பொய் சொல்லாது. சரியாக விழுந்தால் ஒரு சத்தம், கோணலாக விழுந்தால் வேறு சத்தம், விரலிலும் தெரியும்.

மெதுவான பாட்டில் விழுந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம். பஞ்சாரி மேளம் கேட்டிருக்கிறீர்களா? ஐந்து காலம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அடுத்தது 48, அப்புறம் 24, 12, கடைசியில் 6. கூட்டம் கையை வீசிக் குதிப்பது கடைசிக் காலத்தில். ஆனால் மேளக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், உயிர் போவது முதல் காலத்தில்தான். அடிக்கும் அடிக்கும் நடுவில் அவ்வளவு இடம் கிடக்கும். அந்த இடத்தை மனதில் சுமந்துகொண்டே போக வேண்டும். அதை எந்த கேம் கற்றுத்தரும்?


புத்தூர்க்கட்டு
ஞாயிறு மதியம் 1:45

எங்கள் ஆந்திரச் சித்தூரில் செண்டை எப்போது வந்தது சார்?


சித்தூர்_மேளம்
ஞாயிறு மதியம் 1:52

பாலக்காட்டுச் சித்தூர் சார். கொங்கன் படைத் திருவிழா நடக்கிற சித்தூர். வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள், ஒரு தடவை என் பார்சலே உங்கள் சித்தூருக்குப் போய்விட்டது.


சத்தியவேடு_ஷிப்ட்
ஞாயிறு இரவு 11:50

இரண்டாம் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். மேளக்காரருக்குப் பதில் சொல்லாமல் தூக்கம் வராது.

ஆசான் இருந்தால் கல் போதும் சார். ஆசான் இல்லாதவன் என்ன செய்வான்? நான் இருப்பது ஒரு ரூமில் நான்கு பேர். ட்ரம்ஸ் வாங்கக் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. இருபத்தேழு மில்லிமீட்டர் பீசோ தட்டு ஐந்து வாங்கினேன், ஒன்று இருபது ரூபாய்க்கும் குறைவு. பழைய மவுஸ் பேடை வட்டமாக வெட்டி, கீழே பிளைவுட் துண்டு, நடுவில் பீசோ. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு மெகாஓம் ரெசிஸ்டர். லியோனார்டோ வகை ஆர்டுயினோ போர்டு ஒன்று, சின்னக் கம்ப்யூட்டர் பலகை மாதிரி. ஊனோ வாங்கிவிடாதீர்கள், அது நேரடியாக யூ.எஸ்.பி. மிடியாக (வாத்தியமும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி) பேசாது, நான் முதலில் அதை வாங்கி ஏமாந்தேன். பீசோவை அடித்தால் அதில் சின்ன மின்னழுத்தம் எழும், போர்டு அதை அளந்து மிடி எண்ணாக அனுப்பும். கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹாட் 42. இதை வைத்துத்தான் நான் படித்தேன்.

கேம் எனக்கு என்ன தந்தது என்றால், வலது கை எட்டு தட்டும்போது வலது கால் தன் இஷ்டத்துக்கு வேறு இடத்தில் விழுவதற்குத் தெம்பு. அது வருவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் தினமும் உட்கார வைத்தது மதிப்பெண் ஆசைதான். கல்லின் முன்னால் நான் மூன்று நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேம் தராததும் உண்டு. ஓங்கி அடித்தாலும் வருடினாலும் சாதாரண விளையாட்டில் ஒரே மதிப்பெண். க்ளோன் ஹீரோவில் மெல்லிய அடி, அழுத்த அடி என்று பிரித்துக் குறித்த பாட்டுகள் இருக்கின்றன, ஆனால் வலுவை அளக்கும் கிட் இருந்தால்தான் பயன். தம்பி ஸ்நேரை இடித்துத் தள்ளியதற்குக் காரணம் இதுதான். பழைய ஆள்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. 2007இல் இதே மாதிரி கேமான ராக் பேண்ட் வந்தபோது நான்கு பேட், ஒரு பெடல், சிம்பலே கிடையாது. 2010இல் மூன்றாம் பாகத்தில்தான் சிம்பலைத் தனியாகப் பிரித்துப் ப்ரோ ட்ரம்ஸ் என்று கொண்டுவந்தார்கள். ஜப்பானில் கொனாமியின் ட்ரம்மேனியா 1999இலேயே காசு போட்டு ஆடும் கேம் கடைகளில் நின்றது, அதில் அப்போதே சிம்பல் இருந்தது.


பீர்மேடு_டீச்சர்
திங்கள் காலை 7:10

இடையில் நுழைகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. டைகோ என்ற ஜப்பானிய மேள கேம் பார்த்துவிட்டு ட்ரம்ஸ் வேண்டும் என்று அடம். அதில் சிவப்பு வந்தால் நடுவில், நீலம் வந்தால் ஓரத்தில், இரண்டே அடிதான். அதைக் கையில் கொடுக்கலாமா, இல்லை நேராக வகுப்பா?


தோர்த்துமுண்டு
திங்கள் காலை 9:30

டீச்சர் அக்கா, கொடுங்கள். ஆனால் டிவியில் ஆடினால் டிவியில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் படம் பின்தங்கும், பிள்ளை தன் கையைக் குறை சொல்லிக்கொள்ளும். டிக் டிக் என்று தாளம் எண்ணும் மெட்ரோனோம் வைத்துக் கை தட்டிப் பாடவும் பழக்குங்கள், அது வகுப்பைவிட முக்கியம்.

மேளக்காரரே, நீங்கள் சொன்ன 96 அட்சரக் கதை தம்பிக்குத்தான் மருந்து. நிமிடத்துக்கு 70 அடி போகிற பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 857 மில்லிசெகண்ட். கிட்டத்தட்ட ஒரு செகண்ட். கேமில் அந்த இடைவெளியைக் கண் நிரப்பிவிடும், கட்டி வந்துகொண்டே இருக்கிறதல்லவா. சர்ச்சில் திரை இல்லை. இடைவெளி காலியாகக் கிடக்க, பயத்தில் கை முன்னால் பாய்கிறது.

அதனால் தம்பி, என் பெயரையே வைத்தியமாகச் சொல்கிறேன். நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். தவறவிட்டாலும் பாட்டு நிற்காத நோ ஃபெயில் மோடு வையுங்கள். முதல் இருபது செகண்ட் திரையைப் பாருங்கள். அப்புறம் ஒரு தோர்த்துத் துண்டை எடுத்து ஸ்கிரீன் மேல் போடுங்கள். பாட்டு முடிந்ததும் தூக்கிப் பார்த்தால் மதிப்பெண் சொல்லும், எங்கே தொலைந்தீர்கள் என்று. துண்டு வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் தெரியும், இரண்டாக மடியுங்கள்.


சித்தூர்_மேளம்
திங்கள் மதியம் 12:05

தோர்த்து போட்ட பிறகு அது கேம் இல்லையே, கல்தானே.


புத்தூர்க்கட்டு
திங்கள் இரவு 10:30

ஒரு சந்தேகம் உறுத்துகிறது. தம்பி, கம்ப்யூட்டரின் தாமதத்தைக் கேம் சரிக்கட்டும் கேலிப்ரேஷன் எப்படிச் செய்தீர்கள்? டிக் டிக் கேட்கும்போது நீங்களே தட்டி, அது கணக்குப் போட்டதா?


லயத்துப்பையன்
திங்கள் இரவு 10:41

ஆமாம் அண்ணே. தட்டித்தான். நான்கைந்து தடவை செய்து சராசரி எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் மதிப்பெண் எகிறியது.


புத்தூர்க்கட்டு
திங்கள் இரவு 11:02

பிடித்துவிட்டேன்.

மனிதர்களை உட்கார வைத்து டிக் சத்தத்துக்கு விரலால் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தட்டுகிறார்கள். சில பத்து மில்லிசெகண்ட். தட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. இசை பழகியவர்களுக்கு இந்த முந்தல் குறைவு. இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம்.

இப்போது யோசியுங்கள். நீங்கள் முந்தித் தட்டுகிற ஆள். அந்த முந்தலோடு கேலிப்ரேஷன் செய்தீர்கள். கேம் என்ன நினைத்தது? ஓகோ, இவன் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று எண்ணி, உங்கள் முந்தலுக்கு ஏற்றபடி கோட்டையே நகர்த்தி வைத்துவிட்டது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டிய கதை. மதிப்பெண் எகிறாமல் என்ன செய்யும்.

சரிபார்ப்பது சுலபம். லேப்டாப் ஸ்பீக்கரில் மெட்ரோனோம் போடுங்கள், 70இல். மாட்யூலை மியூட் செய்யுங்கள். ரப்பர் பேடில் குச்சி படுகிற டொக் சத்தமே போதும். போனை நடுவில் வைத்து இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் டிக்கும் டொக்கும் இரண்டு முள்ளாகத் தெரியும். இடைவெளியை அளக்கலாம்.


லயத்துப்பையன்
புதன் இரவு 9:20

அளந்தேன். கை நடுங்கத்தான் அளந்தேன்.

நிமிடத்துக்கு 70 வேகத்தில் நாற்பது அடி அடித்தேன். பெரும்பாலும் 35இலிருந்து 45 மில்லிசெகண்ட் முன்னால். ஒன்றுகூடப் பின்னால் இல்லை. அப்புறம் ஒரு ஃபில் (வரி முடிவில் போடும் உருட்டல்) போட்டுப் பார்த்தேன், ஸ்நேரிலிருந்து டாம், டாம், கடைசியில் க்ராஷ் சிம்பல். அதில் முதல் அடி 40, கடைசி க்ராஷ் 75. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத சைக்கிள் மாதிரி. கேமில் இருந்த ஆடியோ கேலிப்ரேஷனைப் பார்த்தால், அண்ணன் சொன்ன மாதிரியே, அந்த அளவுக்கு ஒட்டித்தான் நகர்ந்திருக்கிறது.

பாஸ் அண்ணனிடம் இதைக் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு, "இத்தனை கம்ப்யூட்டர் எதுக்கு, அன்றைக்கு நான் சொன்னேனே" என்றார்.

ஒரு பக்க விஷயம். மாட்யூலை மியூட் செய்து அடித்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்ன கேட்கிறது என்று புரிந்தது. ஹெட்போனில் நமக்கு இசை. அவருக்கு ராத்திரி முழுக்க யாரோ சிமெண்டுத் தரையில் கொத்துகிற சத்தம். அதிலும் கிக் பெடல். ஒன்பது மணி ஆனால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார், நான் நிறுத்திவிடுவேன். அவரும் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், காலையில் ஐந்துக்கு எழுந்து பழகியவர், சும்மா தொந்தரவு செய்கிறவர் இல்லை.


சத்தியவேடு_ஷிப்ட்
வியாழன் அதிகாலை 12:25

பாட்டிக்காக இதைச் செய்யுங்கள். ஒரே அளவில் இரண்டு பிளைவுட் பலகை, 18 மில்லிமீட்டர் கனம். இரண்டிலும் ஒன்றுக்கொன்று நேராக வட்ட ஓட்டை, டென்னிஸ் பந்து பாதி இறங்குகிற அளவுக்கும் கொஞ்சம் சின்னதாக. நடுவில் பந்துகளை வைத்து சாண்ட்விச். கிட்டும் ஸ்டூலும் அதன் மேல். காலால் உதைக்கிற அதிர்வு பலகையோடு நின்றுபோகும், தரைக்கு இறங்குவது மிகக் குறைவு. கிட்டின் அளவுக்குப் பதினாறிலிருந்து இருபது பந்து போதும். ஹெட்போன், கார்ப்பெட் எதுவும் கிக் அதிர்வை நிறுத்தாது, பணத்தை வீணாக்காதீர்கள்.


லயத்துப்பையன்
வியாழன் காலை 7:55

பந்துக்கா பஞ்சம்! எங்கள் எஸ்டேட் கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் கிரிக்கெட்தான். நூல் போன பந்தெல்லாம் தேயிலைச் செடிக்கு அடியில் கிடக்கும்.


தோர்த்துமுண்டு
வியாழன் காலை 10:10

கேலிப்ரேஷன் விஷயத்தில் ஒன்று. இப்போது நேராகப் பூஜ்யத்துக்குக் கொண்டு போகாதீர்கள், கேமே வெறுத்துவிடும். வாரம் பத்து மில்லிசெகண்டாக நகர்த்துங்கள். கை தானாகப் பின்னால் வந்து உட்காரும்.

ஃபில் ஓடுவதற்கு நம் குழுக்களில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. வாயால் சொல்லிக்கொண்டே அடிப்பது. த க தி மி, த க தி மி. வாய் ஓடாது, கைதான் ஓடும். வாயோடு கையைக் கட்டிவிட்டால் அடங்கிவிடும். மூன்றடிப் பாட்டுக்குத் தகிட, தகிட. மேளக்காரர் சிரிப்பார்.


சித்தூர்_மேளம்
வியாழன் மாலை 5:00

சிரிக்கவில்லை. அதைத்தான் ஆசான் முதல் நாளே சொன்னார், வாயில் வராதது கையில் வராது என்று. தம்பி, இடைவெளியை எண்ணாதீர்கள், சொல்லுங்கள். "தகிட" என்று சொல்லும்போது "கி"யும் "ட"வும் அடிக்காத இடம்தான், ஆனால் காலியில்லை.

குச்சிப் பிடிக்கும் ஒரு வார்த்தை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் பிடி. மற்ற மூன்று விரலும் கூட இருக்கட்டும், நெரிக்க வேண்டாம். அடித்ததும் குச்சியே துள்ளி எழ வேண்டும். எழவில்லை என்றால் நீங்கள் அதை அமுக்குகிறீர்கள். மணிக்கட்டு வலி அங்கிருந்துதான் வருகிறது.


நகரி_நெசவு
வெள்ளி மாலை 6:15

எல்லாரும் ஆங்கிலப் பாட்டையே வைத்துப் பேசுகிறீர்கள். நம் சினிமாக் குத்துப் பாட்டில் நிறைய ஆறு எட்டுத் தாளம். கேமில் வருகிற பெரும்பாலான பாட்டு நாலு நாலு. தம்பி மூன்றில் விழுந்ததற்கு அதுவும் காரணம். நான் மூன்ஸ்கிரேப்பர் சார்ட் எடிட்டரில் எனக்குப் பிடித்த பாட்டுகளுக்கு நானே சார்ட் (எந்த இடத்தில் எந்தக் கட்டி வர வேண்டும் என்ற குறிப்பு) போடுகிறேன், வீட்டில் ஆடுவதற்கு மட்டும். ஒரு நிமிடப் பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வேகம் நடுவில் மாறுகிற பழைய பாட்டு என்றால் ராத்திரி முழுக்க. ஆனால் ஒரு ரகசியம் சொல்கிறேன், அப்படி உட்கார்ந்து ஒவ்வொரு அடியாகக் காதால் கேட்டுக் குறித்தபோதுதான் எனக்கு ட்ரம்ஸ் புரிந்தது. ஆடியபோது இல்லை. தறியில் உட்கார்ந்தால் டிசைன் புரிகிற மாதிரி.


லயத்துப்பையன்
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு மதியம் 2:30

மன்னிக்கவும், இடையில் ஒரு வாரம் மழையில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. கரண்ட் இல்லாத நாள்களில் தலையணையில் அடித்துக்கொண்டிருந்தேன். தலையணையில் குச்சி துள்ளாது, கையே தூக்க வேண்டும். மேளக்காரர் சொன்ன கல்லுக்கு நேர் எதிர். மணிக்கட்டுக்கு இரண்டும் வேண்டும் போலிருக்கிறது.

இன்று காலை ஆராதனையில் வாசித்தேன். அதே மூன்றடிப் பாமாலைப் பாட்டு. வாய்க்குள் தகிட சொல்லிக்கொண்டே வாசித்ததில் போதகர் நான் பாடுவதாக நினைத்துக்கொண்டார். இடது காலை ஹைஹாட் பெடலில் அமுக்கியே வைத்தேன், இரண்டாவது சரணத்தில் மட்டும் கொஞ்சம் திறந்தேன். ஸ்நேரில் குச்சிக்குப் பதில் கொயர் அக்கா கொடுத்த ப்ரஷ். முதல் சரணத்தில் இரண்டு இடத்தில் முந்தினேன், எனக்கே கேட்டது. கேட்டதுதான் புதுசு. கேட்டதும் அடுத்த அடியைக் கொஞ்சம் பிடித்து வைத்தேன். பாஸ் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முழுக்க ஒரு தடவைகூட.

போனில் பதிவு செய்து அளந்தேன். பெரும்பாலும் 10இலிருந்து 20க்குள். ஓரிரண்டு அடி பின்னாலும் விழுந்திருக்கிறது. கேமில் ட்ரம்ஸ் தடம் இப்போதும் பூஜ்யத்தில்தான். மதிப்பெண் 91க்கு இறங்கிவிட்டது. அதைப் பார்த்து என் நண்பர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

பலகை தயார், பதினெட்டு பந்து. பாட்டி இரண்டு வாரமாகச் சுவரைத் தட்டவில்லை. ஆனால் புதுச் சிக்கல். கிக் பெடலின் ஸ்பிரிங் ஒவ்வொரு உதைக்கும் கீச் கீச் என்கிறது. அதிர்வு போனதும் அதுதான் பெரிதாகக் கேட்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?


சத்தியவேடு_ஷிப்ட்
ஞாயிறு இரவு 11:58

தேங்காய் எண்ணெய் வேண்டாம் தம்பி, மூணாறு குளிரில் உறைந்து தூசி பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஸ்பிரிங் மாட்டுகிற கொக்கி இரண்டிலும். ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு துண்டுப் பஞ்சைத் திணித்துவிடுங்கள். அந்த 91இன் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள், பார்க்கலாம்.